பூந்தொட்டிக் குகை

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு பல்லி ஒளிந்துகொண்ட கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், இது தலையில் விழுகிற பல்லி இல்லை, ஆசையாக வளர்க்கிற பல்லி.

“அம்மா, அவரைக் கத்தாம பேசச் சொல்லு. என் பல்லி பயப்படுது!” என்றாள் ஒரு சிறுமி.

அவள் சொன்ன அச்சகக்காரர் கத்தவில்லை. “சாப்பிட்டியாம்மா?” என்றுதான் கேட்டார். அச்சகத்தில் நாள் முழுக்க இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி அவர் குரலே அப்படி ஆகிவிட்டது. அவர் ரகசியம் சொன்னால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

சிறுமியின் அம்மாவை அவர் கட்டிக்கொண்டு, தாயும் மகளும் அந்த மாடி வீட்டுக்கு வந்த புதிது. மகள் மார்போடு அணைத்துக் கொண்டுவந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு புள்ளிப் பல்லி. வந்ததும் அது பெட்டிக்குள் கவிழ்த்திருந்த பூந்தொட்டிக்கு அடியில் புகுந்தது. புகுந்ததுதான், தலை நீட்டவில்லை.

மனிதர் சும்மா இருந்திருக்கலாம். “வீட்டுக்கு வந்த விருந்தாளி முகத்தைப் பாக்க வேண்டாமா?” என்று பூந்தொட்டியைத் தூக்கிவிட்டார். பல்லி வெலவெலத்து மூலைக்கு ஓடியது. சிறுமி அழுத அழுகையில் வீடே ரெண்டுபட்டது.

“இதுக்கு இந்த வீடு பிடிக்கலம்மா. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள இது வெளிய வரலைன்னா, நானும் இதுவும் முன்னாடி இருந்த மாமா வீட்டுக்கே போயிடுறோம்.”

அதையும் அம்மாவிடம்தான் சொன்னாள். அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வேலைக்கு நடுவே செல்லப்பிராணிக் கடைக்கு ஓடினார். கடைக்காரம்மாவை எல்லாரும் பல்லியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“தூக்கிப் பாத்தீங்களா? நல்ல ஆளு போங்க! நீங்க குளிக்கிறப்போ யாராவது கதவைப் பேத்து எடுத்தா சும்மா இருப்பீங்களா?”

“தப்புதாங்க. இப்ப என்ன பண்றது?”

“ஒளியறது நோய் இல்லைங்க. பகல்ல ஒளிஞ்சு கிடக்கிறது அதோட குணம். புது இடம், புது வாசனை, புதுக் குரல்னா இன்னும் கொஞ்சம் ஒளியும். குகையைப் பிடுங்கினா வெளிய வந்துடுமா? திரும்பி ஓட ஒரு குகை இருக்குங்கிற தைரியத்துலதான் அது வெளியவே வரும். சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ச்சியான பக்கம் ஒண்ணு, ரெண்டா வைங்க.”

“அப்புறம்?”

“பொழுது சாயறப்போ பக்கத்துல உக்காருங்க. முறைச்சுப் பாக்காம, முதுகைக் காட்டி உக்காருங்க. மெல்லப் பேசிக்கிட்டே இருங்க. என்ன பேசறீங்கங்கறது முக்கியமில்ல, இந்தக் குரலால ஆபத்தில்லன்னு அதுக்குப் புரியணும். வர்றதும் வராததும் அதோட இஷ்டம்.”

அன்றிலிருந்து அச்சகக்காரர் வேலை முடிந்து வந்ததும் மகளின் அறைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பல்லியிடம் என்ன பேசுவது? தெரிந்தது அச்சகம்தான். ஒரு கடைக்காரரின் படத்தை எல்லா நோட்டீசிலும் தலைகீழாக அடித்துவிட்ட கதையைச் சொன்னார். மையை மிதித்த பூனை புத்தம்புதுக் காலண்டர்கள்மேல் நடந்துபோன கதையைச் சொன்னார். குரலை அமுக்கி அமுக்கித் தொண்டையே கட்டிக்கொண்டது.

சிறுமி கட்டிலில் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள். பூனைக் கதைக்கு மட்டும் புத்தகம் குலுங்கியது.

பல்லியோ வாலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு குகைக்குள்ளேயே கிடந்தது.

“இன்னிக்கும் வரல,” என்பாள் சிறுமி அம்மாவிடம்.

“பல்லிக்குப் போடுற புழு தீந்துடுச்சுங்க,” என்று கடையில் போய் நின்றார்.

“அதுக்குள்ளவா? பயந்து கிடக்கிற பல்லி இவ்வளவு தின்னாதுங்களே. வால் எப்படி இருக்கு?”

“நல்லாக் கொழுத்திருக்குங்க.”

“இதுக்குக் கொழுப்பு வால்லதான் சேரும். அப்ப உடம்புக்கு ஒண்ணுமில்ல. அது ஏன் வர மாட்டேங்குதுன்னுதான் எனக்கும் புரியல,” என்று பல்லியக்காவே தலையைச் சொறிந்தாள்.

விடுமுறையும் தீர்ந்தது. விடிந்தால் பள்ளிக்கூடம். கடைசிச் சாயங்காலம் அவர் கலங்கிய மனசோடு வீடு திரும்பும்போது, வாசலிலேயே செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சத்தமில்லாமல் மாடியேறினார். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சிறுமியின் தோள்மேல் பல்லி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பெட்டிக்குள் இறக்கி, பூந்தொட்டிக்கு அடியில் ஒரு புழுவைப் போட்டாள்.

“வழக்கம்போலச் சுத்தியாச்சுல்ல? இப்ப அப்பா வர்ற நேரம், உள்ள போய் ஒளிஞ்சுக்கோ. மாமாகிட்ட வரலைன்னு எப்பவோ சொல்லியாச்சு. ஆனா நீ பழகிட்டேன்னு தெரிஞ்சா, அப்பா இங்க உக்காந்து கதை சொல்றத நிறுத்திடுவாரு.”

அச்சகக்காரர் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வந்த வழியே பூனைபோலக் கீழே இறங்கினார். அறுபடாத ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டார். படியே அதிர, ‘டக் டக்’கென்று மறுபடி ஏறிவந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒளிந்துகொள்ள ஒரு மூலையும், அதன் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார ஓர் ஆளும் எந்நாளும் இருக்கட்டும், கண்ணுகளா.