உறுமினால் போதும்

"இந்த ஏர் இன்டேக் குழாயை மாட்டினா உங்க பிக்கப் வண்டிக்குப் பவர் ஏறாது, பெரியவரே. உறுமல்தான் ஏறும்," என்றான் வெஸ்லி, மொன்டானாவுக்குப் புதிதாக வந்த மெக்கானிக்.

"உறுமினா போதும். மாட்டிடு," என்றார் ஹார்லன்.

"எழுபது வயசுல யாருக்குப் படம் காட்டணும்?"

"பழைய வண்டி உறுமுற சத்தம் கேட்டாலே ஓடி வருவாளுங்க. இந்தப் புது வண்டியில போய் ஹாரன் அடிச்சும் ஒருத்தியும் திரும்பிப் பாக்கல. ராத்திரி பனிப்புயல் வருது. அதுக்குள்ள எல்லாரையும் வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வரணும்."

"எல்லாரையுமா? எத்தனை பேரு?"

"நாப்பது."

வெஸ்லி சிரித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தான்.

மாலையில் ஹார்லன் மேய்ச்சல் நிலத்தின் கதவைத் திறந்து வைத்து, எஞ்சினை உறுமவிட்டார். மேட்டில் நின்ற சிவப்புப் பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு இறங்கி வந்தது. அதன் பின்னால் மற்ற முப்பத்தொன்பதும் வந்தன.