சாய்மானம் வைத்த பின்சீட்டு

இத்ரீஸ் தன் பழைய பைக்கின் பின்சீட்டில் கூடுதலாக ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தான். முதுகு சாய இரும்புக் கம்பியை வளைத்துப் பொருத்தினான். துணி மூட்டை வைக்கப் பக்கவாட்டில் ஒரு கூடையும் மாட்டிவிட்டான்.

"இன்னா மச்சான், பொண்டாட்டிய இந்தத் தாங்கு தாங்குற!" பக்கத்து வீட்டு தாவூத் சிரித்தான்.

"தெனம் அணுபுரம் போய் துணி வித்துகினு வர்றோம். இடுப்பு வுட்டுப் போவுதுப்பா."

"எங்க வூட்ல நான் இவ்ளோ எடம் குடுக்கறதில்ல."

இத்ரீஸின் மனைவி மஹீரா வந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். இத்ரீஸ் பின்னால் ஏறிச் சுகமாகச் சாய்ந்துகொண்டான்.

"பள்ளம் பாத்து வுடும்மா!"

தாவூத் தன் வீட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இத்ரீஸின் காதருகே குனிந்தான்.

"மச்சான், எங்க வண்டிக்கும் ஒண்ணு பண்ணிக் குடேன். எங்க வூட்டு சைதூனும் பள்ளம் பாக்கறதேயில்ல."