வெள்ளைத் தோளுக்கு ஒரு ‘இல்லை’

“வெள்ளைத் தோள்?” என்று வாசித்தாள் பிரென்னா.

“இல்லை” என்றான் லோர்ன்.

வாரம் முழுக்க அதே பதில்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற கைடுகள் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்குள், ஹெலிகாப்டரில் சிகரத்துக்குப் போய் இறங்கிப் பனியில் சறுக்கிக்கொண்டு வருகிறவர்களுக்காக நடக்கிற விடுதி அது. தினமும் காலையில் தலைமை கைடு பிரென்னா ஒவ்வொரு சரிவின் பேராக வாசிப்பாள். எல்லாரும் ‘ஆம்’ என்றால்தான் ஹெலிகாப்டர் அங்கே போகும். ஒரே ஒருத்தர் ‘இல்லை’ என்றாலும் அன்றைக்கு அந்தச் சரிவு கிடையாது.

ஏன் என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் வாதம் வரும், வாதத்தில் வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன் ஜெயித்துவிடுவான், பனிச்சரிவு அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாது. அந்த வழக்கத்தால் உயிர் தப்பியவர்களில் பிரென்னாவும் ஒருத்தி.

ஆனால் வெள்ளைத் தோளில் பனி அருமையாகப் படிந்திருந்தது. ஆபத்துக்கான அறிகுறி ஒன்றுமே இல்லை. ஒரு வாரத்துக்கு ஒரு கார் விலையைக் கொட்டி அழுதுவிட்டு வந்திருக்கும் விருந்தாளிகள் ஜன்னலில் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். யாருமே தொடாத பனியில் முதல் கோடு போடுகிற சுகத்துக்குத்தானே அவ்வளவு பணமும்!

மியூனிக்கிலிருந்து வந்திருந்த ஹார்ட்விக் நேராகவே கேட்டுவிட்டார். “உங்க லோர்ன் இந்த மலைக்கு மட்டும்தான் பயப்படுறாரா, இல்ல எல்லா மலைக்குமா?”

போன வருஷம் லோர்ன் பனியில் புதைந்து, தோண்டி எடுக்கப்பட்டவன். பயம் இன்னும் விடவில்லை என்றுதான் பிரென்னாவும் நினைத்தாள். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அன்றைக்கு முதலாளி டெரிக்கும் கூட்டத்துக்கு வந்து கதவருகே நின்றார். விடுதிச் சின்னமான கரிபூ மானைத் தைத்த சட்டை. அங்கே எல்லாருக்கும் அதே சட்டைதான்.

“ஏன்?” என்றார் லோர்னைப் பார்த்து.

அந்தக் கேள்வியை அந்த மேஜையில் யாரும் கேட்டதில்லை.

“கேட்கக் கூடாதுங்கிறது வழக்கம்” என்றான் லோர்ன்.

“சரி, வழக்கப்படியே செய்வோம். கைடுகளுக்குத்தானே இங்கே ஓட்டு? இந்த நிமிஷத்துலேர்ந்து நீ கைடு இல்லை. போய்ப் பெட்டியைக் கட்டு.”

லோர்ன் பிரென்னாவைப் பார்த்தான். அவள் தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவன் எழுந்து போனதும் வெள்ளைத் தோளை மறுபடி வாசித்தாள். எல்லாரும் ‘ஆம்’ என்றார்கள். அவளும்தான்.

ஹெலிகாப்டரில் விருந்தாளிகள் குழந்தைகளாகவே மாறியிருந்தார்கள். பைலட் கஸ் மட்டும் உம்மென்று இருந்தார். சாதாரணமாக வாய் மூடாத மனுஷன். இந்த ஹெலிகாப்டர் குடிக்கிற எண்ணெயைப் பற்றி அடிவார ஊரே திட்டும், அந்த ஊரில் பாதிப் பேருக்கு இங்கேதான் சம்பளம் என்று தினமும் ஒரு பாட்டம் சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளைத் தோள் நெருங்கியதும் அவர் ஹெலிகாப்டரை ஒரு பக்கமாகச் சாய்த்தார். “கீழே பாரு.”

மரங்களுக்கு நடுவே கரிபூ மான்கள். சத்தம் கேட்டு மிரண்டு ஓடின. ஓட முடிந்தால்தானே? நெஞ்சளவு பனியில் ஒன்று அமிழ்ந்தது, தவித்து எழுந்தது, மறுபடி அமிழ்ந்தது.

“எல்லாம் பெட்டைங்க. வயித்துல குட்டி” என்றார் கஸ். “இப்படி மிரண்டு மிரண்டு ஓடினா குட்டி தங்காது.”

பிரென்னா அவர் பக்கம் திரும்பினாள். “லோர்னுக்குத் தெரியுமா?”

“அவன்தான் முதல்ல பார்த்தான். நேரா டெரிக்கிட்ட போய்ச் சொன்னான், நானும் கூடத்தான் நின்னேன். வெளியே தெரிஞ்சா, அழிஞ்சுக்கிட்டு வர்ற மானாச்சேன்னு இந்தப் பள்ளத்தாக்கையே கவர்மெண்ட் மூடிடும், சமையக்காரங்கள்லேர்ந்து எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், நீ பார்த்தது பாறைன்னு வெச்சுக்கோன்னுட்டார். அதுக்கப்புறம் அவன்கிட்ட மிச்சம் இருந்தது அந்த ஒத்தை வார்த்தைதான். யாரும் காரணம் கேட்க முடியாத வார்த்தை.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா உன் வேலைக்கும் ஆபத்து. பயந்தாங்கொள்ளிப் பேரு தன்னோட போகட்டும்னான்.”

பின்னாலிருந்து ஹார்ட்விக் அவள் தோளைத் தட்டினார். கண்ணாடிக்கு வெளியே கை காட்டினார், பிறகு அவள் சட்டையைக் காட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். “அட, இதுதானே அது?”

பிரென்னா குனிந்து தன் நெஞ்சில் தைத்திருந்த மானைப் பார்த்தாள். தையல் வேலை வெகு நேர்த்தி.

“திருப்புங்க, கஸ்.”

இறங்காமல் திரும்புவதாகக் கஸ் வயர்லெஸ்ஸில் சொன்ன மறுகணமே டெரிக் லைனுக்கு வந்துவிட்டார். “என்ன பிரென்னா, நீயும் பயந்துட்டியா?”

“ஆமா, பயந்துட்டேன்” என்றாள் பிரென்னா. “லோர்ன் இன்னும் பெட்டியைக் கட்டிட்டுத்தான் இருப்பான். என்னோடதையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்க.”