முக்கால் வாளிப் பால்

"இன்னொரு தடவை மாமான்னு கூப்பிட்டே, இந்த வாளியை உன் தலையில கவுத்துடுவேன்!" என்று கத்தினார் கிளிகோர்.

"ஆறு கோப்பை காட்டிட்டா அப்படித்தானே கூப்பிடணும், மாமா?" தோவாதர் சிரித்துக்கொண்டே செம்மறியின் மடியைக் கழுவினான்.

அன்று பால் அளக்கும் நாள். ஊரார் தங்கள் ஆடுகளைத் தாங்களே கறந்து, எல்லார் முன்னாலும் ஒரே கோப்பையால் அளந்து காட்ட வேண்டும். மறுநாள் ஆடுகள் மேய்ப்பர்களோடு மலையேறிவிடும். இன்றைய அளவுக்கு ஏற்பத்தான் கோடை முழுக்க அவரவருக்குப் பாலாடைக்கட்டி.

போன வருஷம் தோவாதருக்கு மூன்று கோப்பைதான். "மூணு கோப்பைக்காரனுக்கா என் பொண்ணு?" என்று கிளிகோர் கோபத்தில் ஊர்க் கோப்பையையே பாறையில் அடித்து உடைத்தார். "அடுத்த வருஷம் ஆறு காட்டு, இலிங்காவைத் தரேன். ஒண்ணு குறைஞ்சாலும் மாவு மில்காரன் மகன்தான் மாப்பிள்ளை!"

அதனால் இன்று கழுகு மாதிரி நின்றார். அடுத்த வீட்டு ஆடு நடுவில் புகுந்திருக்கிறதா என்று காது அடையாளம் பார்த்தார். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாலைத் தொட்டு நக்கினார். தோவாதரின் கைகளை விட்டு அவர் கண் நகரவில்லை. அளப்பது சொந்த மகள். அந்தப் பக்கம் கவலையில்லை.

முக்கால் வாளி பால் சேர்ந்தது. இலிங்கா மொள்ள ஆரம்பித்தாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"போதும், இதுக்கு மேல எங்கே வரப் போகுது!" என்றார் கிளிகோர்.

"நாலு. அஞ்சு." கடைசியாக வாளியைச் சாய்த்து வழித்தாள். "ஆறு, அப்பா."

கிளிகோர் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"சரி, இப்ப என் ஆடுகளைப் பாருங்கடா!" என்று உட்கார்ந்தார். போன வருஷம் அவருக்குப் பத்துக் கோப்பை. இந்த முறை இருபது!

"புல்லு அப்படி! வளர்க்கிறவன் கையும் அப்படி!" என்று மீசையை முறுக்கினார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பூரிப்பிலேயே தோவாதரின் உள்ளங்கையில் ஓங்கி அடித்து, "கொடுத்தேன் பொண்ணை! இனி மாமான்னே கூப்பிடு!" என்று பிளம் சாராயத்தை ஊற்றினார். ஊர் பார்க்கக் கை அடித்தால் அடித்ததுதான். அந்த மலையில் கொடுத்த வாக்கை யாரும் திரும்ப வாங்கியதில்லை.

இரண்டாவது மடக்கில்தான் அவருக்கு உறைத்தது.

"ஏம்மா, அவனுக்கும் எனக்கும் இந்த வருஷம் சரியா ரெண்டு மடங்கு வந்திருக்கே, எப்படி?"

இலிங்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"போன வருஷமும் அவருக்கு முக்கால் வாளிதான், அப்பா. நீங்க உடைச்சது கால் வாளிக் கோப்பை. குளிர்காலமெல்லாம் உட்கார்ந்து நான் புதுசாச் செதுக்கினது அரைக்கால் வாளிக் கோப்பை."