தனியாகப் பதிந்த சிரிப்பு

நகைச்சுவைத் தொடர் படப்பிடிப்பில், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பதுதான் புஷ்பவல்லிக்கு வேலை. சிரிக்கச் சொன்னால் சிரிக்க வேண்டும், எதற்கு என்று கேட்கக்கூடாது. அன்றைய காட்சியில், கல்யாணமாகாத தமிழ்ப் பெண் ஒருத்தி பஞ்சாபிப் பையனைக் கையோடு கூட்டிவந்து, வயிற்றைத் தொட்டுக் காட்டியபடி அம்மா வீட்டு வாசலில் நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பவல்லிக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

"என்னம்மா, சாவு வீட்டுக்கா வந்திருக்கீங்க? நல்லா சிரிங்க!" என்று இயக்குநர் மைக்கில் கத்தினார்.

அவளிடம் ஒரு சிரிப்பு இருந்தது. போன ஆடியில் மகள் செண்பகா, கூட வேலைபார்த்த மணிப்பூர்க்காரன் தோம்பாவோடு இதே கோலத்தில் வந்து நின்றபோது சிரித்தது. திட்டவில்லை, அழவில்லை. தெருவே எட்டிப் பார்க்கும்படி சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதையே இப்போது எடுத்து விட்டாள்.

இயக்குநர் துள்ளிக் குதித்தார். அவளை மட்டும் தனியே நிறுத்தி அந்தச் சிரிப்பைப் பதிவு செய்துகொண்டார்கள். இனி அந்தப் பெண் வயிற்றைத் தொடும்போதெல்லாம் அது ஒலிக்குமாம்.

வீடு திரும்பியபோது எதிர்வீட்டு ஜெயக்கொடி வாசலிலேயே காத்திருந்தாள்.

"அக்கா, செண்பகா எங்கிட்ட போன்ல பேசினா. நிறைமாசமாம். அங்க மணிப்பூர்ல தமிழ்ல பேச ஆளே இல்லையாம். நீங்க போற நாடகத்தத்தான் விடாம பாக்குறாளாம். கூட்டத்துல எங்கம்மா சிரிப்பு கேக்குதான்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காளாம்."