அருள்தாசின் செல்கள்

பிரிசில்லாவின் தம்பி அருள்தாசுக்கு ஆறு வருஷமாகக் காதில் யாரோ பேசும் குரல் கேட்கிறது. அவனுடைய தோலில் துளி எடுத்துத்தான், அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் மூளைச் செல்களை வளர்த்திருந்தார்கள். அந்தச் செல்களின் ஏற்பிகளை, அதாவது ரிசெப்டர்களை, அடைக்கும் புது மருந்தைச் செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு அவை வளரும் தட்டில் அவள் விட்டாள். பதினொன்றே காலுக்கு விவேக் நகர் வீட்டிலிருந்து போன் வந்தது.

"அக்கா, குரல் நின்னு போச்சு. இன்னைக்கு மாத்திரைகூட போடலக்கா."

மறுநாள் மருந்தைக் கழுவி எடுத்ததும் குரல் திரும்பிவிட்டது. மறுபடி விட்டாள், நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை வீணா மேடம் வந்து நின்றார்.

"டெஸ்ட் முடிஞ்சுது பிரிசில்லா. தட்டுகள்ல ப்ளீச் ஊத்தி எறிஞ்சிடு."

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே மேடம்."

"செல்லுமேல அவ்ளோ பாசமா? ரூல் ரூல்தான். அஞ்சு மணிக்குள்ள முடி, ஆயித்தா? சரியா?"

அவர் போனபின் ப்ளீச் பாட்டிலைக் கையில் எடுத்தாள். அவனுடைய தட்டின் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள்; ஊற்ற மனம் வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னடா பண்ற?"

"சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றான். "கண்ணு எரியுதுக்கா. அந்த பாட்டில கீழ வச்சிரு."