இருபது நிமிட வேலை

மனைவி ஜெயசீலி இறந்த பதினேழாம் நாள், வேதமுத்து தன் அறுபத்துநாலாம் வருட மாடல் காரை மெக்கானிக் காசிமின் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும், ஈரம் பட்டால் மக்கர் செய்யும் பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கும்படி அவள் வருடக்கணக்கில் சொல்லியிருந்தாள். காரில் ஒரு திருகாணிகூட மாறக் கூடாது என்று அவர்தான் மறுத்தார். அவளுக்கு நெஞ்சுவலி வந்த மழை நாளிலும், பின்சீட்டில் அவளைச் சாய்த்துவிட்டு, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ஆட்டோ பிடிங்களேன்" என்று அவள் மெல்லச் சொன்னாள். "இந்தா, ஆயிட்டு" என்றார். மூன்றாவது முறை அவர் அதையே சொன்னபோது பின்சீட்டிலிருந்து சத்தமே இல்லை.

காசிம் பழைய பாயிண்டை எடுத்துவிட்டு, தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றைப் பொருத்தி இரண்டு ஒயர்களை இணைத்தான்.

"சாவியப் போடுங்க அண்ணாச்சி."

தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அவ்வளவுதானா?" என்றார் வேதமுத்து. "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபது நிமிஷம் இருக்கும். இனி எந்த மழையிலயும் எடுக்கும்."

ஒருமுறையாவது அது முரண்டு பிடிக்காதா என்று அவர் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் உடனே எடுத்தது.

காசிம் கையைத் துடைத்துக்கொண்டே, "எங்கயாவது ஒரு சுத்து போயிட்டு வாங்களேன்" என்றான்.

வேதமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க போக?"